ஆறாவது கையெழுத்து

தினேஷ்,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து கேட்டுவிட்டுப் போனதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். நான் பாக்கலாம் என்றால் முடியாது என்று பொருள். பூனைக்குட்டி வளர்க்கட்டுமா என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன், நண்பர்களோடு புலாவ் உபின் தீவில் கூடாரம் போடப் போகிறேன் என்றபோதும் அதைத்தான் சொன்னேன். அதனால் நீ மேற்கொண்டு பேசவில்லை. பரோட்டா வாங்கி வந்த பையை நாலாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அப்பாவோடு உட்கார்ந்து காற்பந்து பார்த்தாய். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, பயமா இருந்தா வேணாம். சீரியஸா சொல்றேன். நான் வேற யாரையாச்சும் பாத்துக்கறேன் லா," என்றாய். நீ சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டு இரண்டு நாளில் மறந்திருப்பேன். நீ இதமாகப் பேசிவிட்டுப் போனாய், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் பேசினால் அழுவேன், இல்லாவிட்டால் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நீயும் உன் ஆட்களும் கதவு கதவாகத் தட்டியபோது, "ஓட்டுப் போடுறோம் தம்பி, ஆனா பேரு வேணாம்" என்று சொல்லி அனுப்பிய அத்தனை அம்மாக்களும் படிக்கட்டும். அவர்கள் எனக்கு அந்நியர்கள் இல்லை. நானும் அந்தக் கூட்டம்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். சிங்கப்பூரில் வரப்போகும் இந்தத் தேர்தலில் நீ நிற்கப் போகிறாய். சின்னக் கட்சி, பெயரைச் சொன்னால் பாதிப் பேர் நெற்றியைச் சுருக்குவார்கள். நீ குடியிருப்பது பாசிர் ரிஸ், வேலை பார்ப்பது தெம்பனிஸ், ஆனால் நிற்பது புக்கிட் மேராவில் நானும் அப்பாவும் இருக்கிற இந்தத் தொகுதியில். குழுத்தொகுதி என்பதால் நாலைந்து பேர் ஓர் அணியாக நிற்க வேண்டும், அதில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். உங்கள் அணியில் அந்த ஒருவர் நீ. வேட்புமனுவில் இந்தத் தொகுதி வாக்காளர்கள் ஆறு பேர் கையெழுத்துப் போட வேண்டும்: முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், ஆதரவாக நான்கு பேர். ஆறு பேரும் மனுத் தாக்கல் நாளன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் மனுத் தாக்கல் நிலையத்துக்கு நேரில் வந்து நிற்க வேண்டும். அவர்கள் பெயரை ஊர் பார்க்க வெளியே ஒட்டுவார்கள். உங்களிடம் போதுமான ஆட்கள் இருந்தார்கள். பிறகு தொகுதி எல்லை மாறியது. சாலைக்கு அந்தப் பக்கத்து அடுக்குமாடி புளோக்குகள் பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டன, உன் ஆட்களில் பாதிப் பேரும் கூடவே போய்விட்டார்கள். அவர்கள் வீட்டில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை, கோடு மட்டும் நகர்ந்தது. நானும் கல்யாணமானதிலிருந்து இதே வீட்டில்தான் இருக்கிறேன், ஆனால் மூன்று தொகுதிகளில் குடியிருந்துவிட்டேன். இப்போது உங்கள் கையில் ஐந்து பெயர் இருக்கிறது. ஆறாவது கிடைக்காவிட்டால் மனு செல்லாது, எதிரணியான ஆளுங்கட்சி போட்டியில்லாமல் வந்துவிடும், இந்தத் தொகுதியில் ஒருவருக்கும் ஓட்டு இருக்காது. அப்பா மலேசியக் குடிமகன், இங்கே நிரந்தரவாசி. அவர் கையெழுத்து இதற்கு உதவாது. மிச்சம் இருப்பது நான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொலைபேசி அடித்தால் யார் என்று பார்க்காமல் எடுப்பதில்லை. கதவைத் தட்டினால் முதலில் துளை வழியாகப் பார்க்கிறேன். பார்த்தால் தண்ணீர் வடிகட்டி விற்க வந்த பையன் நிற்கிறான். என் பெயரை அந்த நிலையத்துக்கு வெளியே ஒட்டியிருக்கிறார்கள், அதை யாரோ கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறார்கள் என்று கண்ணை மூடினால் தெரிகிறது. யார் எடுப்பார்கள், எடுத்து என்ன செய்வார்கள் என்று நீ கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என்னை இதுவரை யாரும் மிரட்டியதில்லை, தினேஷ். ஓர் அதிகாரியோ அக்கம்பக்கத்தாரோ ஓட்டு விஷயமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, காலாகாலத்தில் பதவி உயர்வும் கிடைத்தது. மிரட்டினவன் என்று ஒருவன் இருந்தால் அவனிடம் இரண்டு கேள்வியாவது கேட்கலாம். ஆளே இல்லாத பயத்தை யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் குடும்பத்தில் தேர்தலைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ஒவ்வொரு தேர்தலுக்கும் என்னை வாக்களிப்பு நிலைய வேலைக்குப் போட்டுவிடுவார்கள். விடிவதற்குள் அப்பா என்னைக் கொண்டுபோய் விடுவார், நீ போர்வைக்குள் இருப்பாய். பெயரைச் சரிபார்த்து வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பது என் வேலை. சீட்டு கொடுத்துக் கொடுத்து விரல் காய்ந்துபோகும். ஆனால் அந்த வருஷங்களில் எல்லாம் நான் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. என் தொகுதியில் போட்டியே இருக்காது. மனுத் தாக்கலன்று மதியச் செய்தியோடு எங்கள் தேர்தல் முடிந்துவிடும். கல்யாண வீட்டில் பந்தி பந்தியாகப் பரிமாறிவிட்டு வெறும் வயிற்றோடு வீடு திரும்புகிறவள் கதைதான் என் கதை. அப்போது அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இருக்கவில்லை. தொல்லை இல்லை என்றுதான் இருந்தேன்.

வெளிநாட்டுச் செய்திகளில் எத்தனை பேர் ஓட்டுப் போட வந்தார்கள் என்பதைப் பெரிய விஷயமாகப் பேசுகிறார்கள். நம் ஊரில் அந்தக் கவலை இல்லை. போடாவிட்டால் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்பதால் எல்லாரும் வந்துவிடுவார்கள். சக்கர நாற்காலியில் வருவார்கள், மூக்கில் குழாயோடு வருவார்கள், ஒரு தடவை கூறைப்புடவையும் மாலையுமாக ஒரு பெண் வந்து, "அக்கா, சீக்கிரம், ஐயர் காத்துக்கிட்டிருக்காரு" என்றாள். வருகிறார்களா என்பது இங்கே கேள்வியே இல்லை. அவர்கள் மனதில் எதை வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது என்று அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டேன். மாதக்கணக்கில் மின்தூக்கி பழுதாகிக் கிடந்த கோபம் ஒருவருக்கு. தன் அம்மா செத்தபோது வந்து நின்ற ஒருவர் மேல் நன்றி இன்னொருவருக்கு. வாசல் வரை கூட்டிவந்த மகன் காதில் ஓதி அனுப்பியதை மறந்துவிடக் கூடாதே என்று உதட்டை அசைத்துக்கொண்டே வரும் பாட்டிமார்களும் உண்டு. சிலருக்குப் பயம். பயந்தவர்களை நான் உடனே கண்டுபிடித்துவிடுவேன். சீட்டை வாங்கியதும் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல், அதில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு தமிழ்ப் பெரியவர். சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றார். இந்த எண் எதற்கு என்று மெதுவாகக் கேட்டார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்: கள்ளச்சீட்டு கலக்காமல் இருக்கத்தான் எண், எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் முத்திரை வைத்துப் பூட்டிவிடுவார்கள், நீதிமன்றம் சொன்னால் ஒழியத் திறக்க முடியாது, ஆறு மாதம் கழித்து எரித்துவிடுவார்கள். அத்தனையும் உண்மை. நான் கண்ணால் பார்த்த வேலை. அவர் பொறுமையாகக் கேட்டார், தலையை ஆட்டினார். "நீ சொல்றதெல்லாம் சரிதாம்மா. ஆனா நம்பர் இருக்குல்ல?" என்றார். தேநீர் வேளையில் கூட வேலை பார்த்தவர்களிடம் அவரைப்போலவே பேசிக் காட்டிச் சிரித்தேன். படித்த திமிர், வேறென்ன.

அதற்குப் பிறகு ஒரு தேர்தலில் நம் தொகுதிக்கும் போட்டி வந்தது. நாற்பதைத் தாண்டி எனக்கு முதல் ஓட்டு. அந்த வருஷம் என்னை நிலைய வேலைக்குப் போடவில்லை. நம் புளோக்குக்குக் கீழேயே வாக்களிப்பு நிலையம். தீபாவளிக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். நீ கேலி செய்தாய், "என்னம்மா, படத்துக்குப் போறீங்களா?" என்று. வாக்களிக்கும் மறைப்புக்குள் போய் நின்றதும் நான் முதலில் பார்த்தது சீட்டில் இருந்த எண்ணைத்தான். ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவள், அந்தப் பெட்டிகள் எங்கே போகும், எப்படி எரியும் என்று தெரிந்தவள், எனக்கே நான் சொல்லிக்கொண்ட சமாதானம் என் காதில் ஏறவில்லை. வெளியே வந்தபோது முதுகெல்லாம் நனைந்திருந்தது. வெயில் என்று அப்பாவிடம் சொன்னேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம் சொந்தத்தில் எல்லாரும் ஒரே கதையைச் சொல்வார்கள், உன் பெரிய மாமா கதையை. என் அண்ணன் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். வாலிப வயதில் ஓர் எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனார். மழை பிடித்துக்கொண்டது. முன்னால் நின்ற அண்ணனிடம் குடை இருந்ததால் அவரை மேடையில் ஏற்றிவிட்டார்கள், பேசுகிறவருக்குப் பிடிக்கச் சொல்லி. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. பேசியவர் முகத்தில் பாதியைக் குடைக்கம்பி மறைத்துவிட்டது, அண்ணன் முகம் மட்டும் முழுசாக விழுந்திருந்தது. அடுத்த வருஷம் அவருக்கு வர வேண்டிய சூப்பர்வைசர் பதவி வரவில்லை. கதை அவ்வளவுதான். ஆனால் கல்யாண வீடு, கருமாதி வீடு என்று எங்கே கூடினாலும் யாராவது அதை எடுப்பார்கள். "குடை பிடிச்சதுக்கே இப்படி" என்பது நம் வீட்டில் பழமொழி ஆகிவிட்டது. அந்தப் பழமொழியில்தான் உன்னை வளர்த்தேன். பாலிடெக்னிக்கில் படித்தபோது பேருந்துக் கட்டணம் ஏறியதைப் பற்றி ஃபேஸ்புக்கில் நீ எதையோ காரசாரமாக எழுதினாய். நீ அதை அழிக்கும்வரை உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அழித்தாய். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை, பிள்ளை பத்திரமாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

இப்போதும் அந்தக் கதையைத்தான் நம்பினேன். செவ்வாய்க்கிழமை காலை உனக்குத் தெரியாமல் தேக்கா சந்தைக்குப் போனேன். அண்ணன் தினமும் அங்கே உணவங்காடியில் ஒரே மேசையில் உட்கார்ந்து இஞ்சித் தேநீர் குடிப்பார். பூ வாங்க வந்தேன் என்று பொய் சொல்லவில்லை, நேராகவே கேட்டேன். "அண்ணே, ஒங்க கதைய அவன்கிட்ட நீங்களே ஒரு தடவ சொல்லுங்க. நான் சொன்னா கேக்கமாட்டான்," என்றேன். எந்தக் கதை என்றார். குடை பிடித்த கதைதான் என்றேன். அவர் தேநீரை ஆற்றினார், மறுபடியும் ஆற்றினார், கடைசியில் ஆறிப்போனதை ஓரமாக வைத்தார். "அது அப்படி இல்லம்மா," என்றார்.

சூப்பர்வைசர் ஆவதற்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துத் தேர்வு வைப்பார்களாம். அண்ணன் அதை இரண்டு முறை எழுதித் தேறவில்லை. கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் தேறிவிட்டார்கள். அதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்த சமயத்தில், அண்ணியே அந்தப் படத்தை ஞாபகப்படுத்தி, குடை பிடித்ததால்தான் பதவியைக் கொடுக்கவில்லை என்று அழுதாராம். "நான் சொல்லல. அவளாத்தான் சொன்னா. நான் சும்மா இருந்துட்டேன்," என்றார். பட்டறையில் அந்தப் படத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். போர்மேன் கூப்பிட்டு, அடுத்த முறை குடையைக் கொஞ்சம் தள்ளிப் பிடி, பேசுகிற மனுஷன் முகம் தெரியட்டும் என்று கிண்டல் செய்தாராம், அவ்வளவுதானாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இத்தன வருஷமா எங்க எல்லாத்தையும் பயமுறுத்தி வச்சிருக்கீங்களேண்ணே," என்றேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க பயப்படணும்னு நான் நெனைக்கலம்மா. பெயிலாப் போனவன்னு சொல்றதுக்கு, அது கொஞ்சம் மரியாதையா இருந்துச்சு," என்றார். பிறகு, தான் மட்டும் புக்கிட் மேராவில் இருந்திருந்தால் உனக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றார். அடுத்த தொகுதியில் உட்கார்ந்துகொண்டு வீரம் பேச எல்லாராலும் முடியும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பேருந்தில் வரும்போது பயம் போய்விட்டதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். போகவில்லை. காரணம் பொய் என்று தெரிந்தால் பயமும் கிளம்பிவிடும் என்று எதிர்பார்த்தேன். அது இத்தனை வருஷம் இருந்த வீட்டைக் காலி செய்வதாக இல்லை. மாமா கதை போன இடத்தில் வேறு வேறு நினைப்புகள் வந்து உட்கார்ந்துகொண்டன, அவை பொய்யும் இல்லை. வேட்பாளர் என்று உன் படம் வெளியான அன்றே இணையத்தில் உன் நிறத்தையும் பெயரையும் வைத்து எழுதியதை ரேவதி என்னிடம் காட்டினாள். மாமியாரிடம் காட்டினால் நீ விலகிவிடுவாய் என்று நினைத்தாளோ, அல்லது யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியவில்லையோ, பாவம். நாளைக்கு உன் மகளிடம் பள்ளியில் யாராவது அதைச் சொல்லிக் காட்டுவார்கள். நீ கூட்டத்தில் ஒரு வார்த்தையைத் தவறிச் சொல்லிவிடுவாய், அதைப் பிடித்துக்கொண்டு வழக்கு வம்பு என்று இழுப்பார்கள். தோற்றுப்போனால் காப்பிக்கடையில் உன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். இதெல்லாம் நடக்காது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது அந்தச் சான்றிதழ். நீ இந்தியர்தான் என்று ஒரு குழு பார்த்துச் சான்று கொடுத்தால்தான் உங்கள் அணி நிற்க முடியும் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். "தமிழ்ல பாஸ் பண்ணவே நாக்கு தள்ளுச்சு, இப்ப கவர்மெண்டே சர்ட்டிபிகேட் குடுக்குதும்மா," என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் கட்சிக்கு வேண்டியது நீயா அல்லது அந்தச் சான்றிதழா என்று கேட்டேன். கேட்ட பிறகு, ஒரு தாய் கேட்கிற கேள்வியா இது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ யோசித்துத்தான் பதில் சொன்னாய். "ரெண்டும்தாம்மா. எனக்கும் அவங்க வேணும். தனியா நின்னா எனக்கு யாரு ஓட்டுப் போடுவா?" என்றாய். நீ ஏமாறவில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. ஏமாந்திருந்தால் உன்னைத் தடுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நேற்று சாயங்காலம் மின்தூக்கியில் எதிர்வீட்டுச் சீன அக்கா ஏறினார். என்னைவிட மூத்தவர். தேர்தல் வருகிறதே, இந்த முறை இங்கே ஓட்டு கிடையாதாமே என்று கேட்டார். யார் சொன்னது என்றேன். சந்தையில் பேசிக்கொள்கிறார்களாம், எதிர்க்கட்சிக்கு ஆள் சேரவில்லையாம். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எப்படியும் விடுமுறை விடுவார்கள், காலையிலேயே பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குப் போய் மீன் வாங்கி வரலாம் என்று மகளோடு திட்டம் போட்டுவிட்டார். எனக்கும் வாங்கி வரட்டுமா, இறாலா வௌவால் மீனா என்று கேட்டார். நான் இறால் என்று சொன்னேன். வீட்டுக்குள் வந்து விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா அவருடைய ஊர்த் தேர்தலுக்காக அதே பாலத்தில் மணிக்கணக்காக நின்று, வேர்த்து விறுவிறுத்துப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர். இங்கே ஒரு தொகுதி முழுக்க அதே பாலத்தைத் தாண்டி மீன் வாங்கப் போகப் போகிறது. அதற்குக் காரணம் நகர்ந்த கோடும் இல்லை, எதிரணியும் இல்லை. மூன்றாவது மாடியில் இருட்டில் உட்கார்ந்திருந்த ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தா. என்னை யாரும் தடுக்கவில்லை. நானே தடுத்துக்கொண்டு, எனக்குத் துணையாக இத்தனை பேரையும் தடுக்கப் பார்த்தேன். அதை நினைத்தபோது வந்த பயம் மற்றப் பயங்களைவிடப் பெரிதாக இருந்தது. அப்பா வந்து விளக்கைப் போட்டார். என்ன என்று கேட்டார். இறால் என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் உள்ளே போய்விட்டார்.

உனக்குச் சில வார்த்தை சொல்கிறேன், கேட்டுக்கொள். பேரு வேணாம் என்றவர்கள் மேல் கோபப்படாதே. அவர்களில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு குடைக்கதை இருக்கும், அது நிஜமோ பொய்யோ அவர்களுக்கே தெரியாது. நீ போய் அது பொய் என்று நிரூபிக்க முயலாதே, நிரூபித்தாலும் பயம் போகாது, நான் பார்த்துவிட்டேன். பயந்துகொண்டே ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்பதை மட்டும் காட்டு. உன்னால் செய்ய முடியாததைச் செய்வேன் என்று மேடையில் சொல்லாதே; மின்தூக்கியைப் பற்றிப் பேசினால் அதில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுப் பேசு. எதிரணிக்காரரைப் பற்றி அவர் அம்மா கேட்டால் அழும்படி எதையும் சொல்லாதே. ரேவதியிடம் இணையத்தைப் பார்க்காதே என்று சொல்லாதே, பார்ப்பாள். கூட உட்கார்ந்து பார். உன் மகளிடம் நீயே முதலில் எல்லாவற்றையும் சொல்லிவிடு. பிள்ளைகளிடம் பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் காரணத்தை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நீயும் நானும் இருக்கிறோம். அன்று உன் நாற்காலிக்குப் பின்னால் நான் நின்றிருக்கக் கூடாது. இதை உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு தேர்தல் தேவைப்பட்டிருக்கிறது.

வேறு ஆளைத் தேட வேண்டாம். நான் வருகிறேன். அப்பா கொண்டுவந்து விடுவார், வாசலில் நிற்பார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அன்று என் கையெழுத்துக் கோணலாக விழும், அதைப் பார்த்து நீ முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொள்ளாதே. படம் எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். ஆனால் ஒன்று, இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கையெழுத்து எல்லாரும் ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காக. என் ஓட்டு யாருக்கு என்பது வேறு விஷயம். உங்கள் அணி பேசுவதைக் கேட்பேன், எதிரணி பேசுவதையும் கேட்பேன், மறைப்புக்குள் தனியாகப் போய் நின்று முடிவு செய்வேன். மகன் என்பதற்காகப் போட்டுவிடுவேன் என்று நம்பிக்கொண்டு இருக்காதே. அதை உன்னிடமும் சொல்லமாட்டேன், அப்பாவிடமும் சொல்லமாட்டேன். ஒரே ஒரு ஓட்டில் நீங்கள் தோற்றாலும் வந்து கேட்காதே.

இந்தக் கடிதத்தின் கீழே என் பெயரைப் போடவில்லை. அதைப் போட வேண்டிய இடம் வேறு இருக்கிறது, அங்கே வந்து போடுகிறேன்.

அம்மா